வாசகர் கேள்வி-பதில்: எல்லோரும் பார்க்கிற நிரலை எப்படி நம்புவது?

எங்கள் குடும்பம் முழுக்க வாட்ஸ்அப் குழுவில்தான் இருக்கிறது. மகன் சிக்னல் என்ற செயலிக்கு மாறச் சொல்லி நச்சரிக்கிறான். இரண்டிலும் செய்தியைப் பூட்டி அனுப்பும் மறையாக்கம் ஒன்றுதானே, பின் ஏன் மாற வேண்டும்?
— வாசகி, கத்ர் போர்ன்

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான் அம்மா. 2016 முதல் வாட்ஸ்அப்பில் இருப்பதும் சிக்னல் குழுவினர் எழுதிய மறையாக்க முறைதான், அதனால் நீங்கள் அனுப்பும் காவடிப் படத்தையோ சமையல் குறிப்பையோ வழியில் யாரும் பார்க்க முடியாது. வித்தியாசம் செய்திக்கு வெளியே இருக்கிறது. யார் யாரோடு எப்போது பேசுகிறார்கள் என்ற விவரமெல்லாம் வாட்ஸ்அப் நிறுவனத்திடம் சேரக்கூடியது. 2016இல் அமெரிக்காவில் சிக்னலிடம் ஒரு பயனரைப் பற்றிச் சட்டப்படி கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் தவிர அவர்களிடம் கொடுப்பதற்கு எதுவும் இல்லை. மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அத்தை, மாமா, ரீயூனியனில் இருக்கிற சம்பந்தி என்று எல்லோரையும் ஒரே நாளில் நகர்த்திவிட முடியாது. அதுவரைக்கும் வாட்ஸ்அப்பில் உரையாடல்களைச் சேமித்து வைக்கும் பேக்கப்புக்கும் மறையாக்கத்தை இயக்கிவிடுங்கள். 2021இலிருந்து அந்த வசதி உண்டு, நாமேதான் இயக்க வேண்டும். கடவுச்சொல்லை மறக்காமல் எழுதி வையுங்கள்.

மறைக்க எதுவும் இல்லாத நமக்கு இதெல்லாம் எதற்கு?
— வாசகர், ரோஸ் ஹில்

2021 ஏப்ரலில், மொரிஷியஸில் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் நம் ஐசிடிஏ ஆணையம் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது ஐயா. சமூக ஊடகங்களுக்குப் போகும் போக்குவரத்தையெல்லாம் நடுவில் ஒரு சர்வர் வழியாகத் திருப்பி, மறையாக்கத்தைப் பிரித்துப் பார்க்கலாம் என்பது அதிலிருந்த யோசனை. வங்கியில் கணக்குப் பார்ப்பதும் இணையத்தில் பொருள் வாங்குவதும் இதே மறையாக்கத்தை நம்பித்தான் நடக்கிறது. உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியது, மொசில்லாவும் கூகுளும் சேர்ந்து ஆட்சேபம் அனுப்பின, திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. அன்று பேசியவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல மறைக்க எதுவும் இல்லாதவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

செயலிகளின் நிரலை எல்லோரும் படிக்கும்படி திறந்து வைத்தால் திருடனுக்கும் வழி தெரிந்துவிடாதா?
— வாசகர், வாக்குவா

மூடிய நிரலிலும் திருடன் ஓட்டை தேடத்தான் செய்கிறான், அது அவன் தொழில். மூடி வைத்தால் நல்லவர்களுக்குத்தான் பார்க்க வழியில்லை. ஆனால் திறந்து வைத்தாலே போதும், தானாகப் பாதுகாப்பு வந்துவிடும் என்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டை, இணையத்தில் மறையாக்கத்துக்குப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த நிரலில் இரண்டு வருடம் எல்லோர் கண்முன்னும் கிடந்தது, பார்க்கத்தான் ஆளில்லை.

2024இல் நடந்த எக்ஸ்இசட் விவகாரம் இன்னும் மோசம். அது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன நிரல், லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினிகளில் பரவலாக இருப்பது, அதைச் சம்பளமில்லாமல் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நேரமும் தெம்பும் போதாமல் திணறிய சமயம் உதவுகிறேன் என்று இன்னொருவர் வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்து, பொறுப்பையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் ரகசியமாக ஒரு புறவாசல் வைத்துவிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் சந்தேகப்பட்டுத் தோண்டினார், பெரும்பாலான கணினிகளுக்குப் போய்ச் சேரும் முன்பே பிடிபட்டது. நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் அவ்வளவு தூரம் தோண்ட முடிந்தது. எனக்கு ஆத்திரம் வருவது வேறொன்றில்: இந்த நிரல்களை இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் பெரிய நிறுவனங்கள், அந்த ஒற்றை ஆளை ஒற்றை ஆளாகவே விட்டுவைத்தன.

ரெதுய்யில் கணினியியல் படிக்கிறேன். சி, ரஸ்ட், பைத்தான் என்ற நிரல் மொழிகளில் எது மேல் என்று வகுப்பில் ஓயாத சண்டை. எதைப் பிடித்துக்கொள்வது?
— மாணவர், த்ரியோலே

மூன்றும் ஒரே வேலைக்குப் பிறந்தவை இல்லை தம்பி. தரவை அலசவோ சின்ன வேலையைச் சட்டென்று முடிக்கவோ பைத்தான் போதும். சண்டை உண்மையில் சி மொழிக்கும் ரஸ்டுக்கும் இடையேதான். சியில் நினைவகத்தை நிரலாளரே கவனித்துக்கொள்ள வேண்டும், ஹார்ட்பிளீட்டும் அளவைச் சரிபார்க்காமல் நினைவகத்தை அள்ளிக் கொடுத்ததால் வந்த வினை. ஆண்டுதோறும் தாங்கள் அடைக்கும் ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் இந்த வகை என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னது. ரஸ்ட் இவற்றில் பெரும்பாலானதை நிரலைத் தொகுக்கும்போதே நிறுத்திவிடும், 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1இல் அதற்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இடம் கிடைத்தது. என்னைக் கேட்டால் சி படித்துவிட்டு ரஸ்டுக்குப் போங்கள், ஏனென்றால் பழைய நிரல்கள் எங்கேயும் போகப்போவதில்லை. ஆனால் எக்ஸ்இசட் புறவாசலை எந்த மொழியும் தடுத்திருக்காது, அங்கே உடைந்தது ஆள் மீது வைத்த நம்பிக்கை.

அப்புறம், இதெல்லாம் வெளிநாட்டார் வேலை என்று ஒதுங்காதீர்கள். தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் இணைப்புகளில் பலவீனமான சாவிப் பரிமாற்றத்தை விட்டு, குறைந்தது 2048 பிட்டுக்குப் போகச் சொன்ன இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 8270, 2017இல் வந்தது; அதை எழுதிய இருவரில் ஒருவர் மொரிஷியஸ்காரர். நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு திறந்த நிரலை எடுங்கள், அதன் பிழைப் பட்டியலைப் படியுங்கள், விளக்கக் குறிப்பில் ஒரு எழுத்துப் பிழை கண்ணில் பட்டாலும் திருத்தி அனுப்புங்கள்.