அச்சுக் கான்கிரீட் தளம்: மோல்டைப் பார்க்காதீர்கள், மூட்டையை எண்ணுங்கள்

கேள்வி: திருச்சியில் எங்கள் வீட்டு போர்டிகோ 20 அடிக்கு 15 அடி. பழைய சிமென்ட் தளத்தின் மேலேயே 2 அங்குலத்துக்கு ஸ்டாம்ப்டு கான்கிரீட் (ஈரக் கான்கிரீட்டில் மோல்டை அழுத்தி டிசைன் பதிக்கிற அச்சுத் தளம்) போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அங்கேதான் கார் நிற்கும். அடுத்த தெருவில் இப்படிப் போட்ட தளம் ஒரே வருடத்தில் நிறம் போய், குறுக்கே வெடித்துவிட்டது. எங்களுக்கும் அப்படி ஆகுமா?

பதில்: அவர் சொல்கிறபடி போட்டால் ஆகும். கார் ஏறுகிற தளத்துக்கு 4 அங்குலக் கனம் வேண்டும், 5 இருந்தால் இன்னும் நல்லது. பழைய தளத்தை உடைத்தெடுத்து, மண்ணைத் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கி, அதன்மேல் எம் 25 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட் போடச் சொல்லுங்கள். உடைக்கிற செலவைத் தவிர்க்கத்தான் 2 அங்குலக் கதை வருகிறது.

நிறம் ஏன் போனது? கான்கிரீட் ஈரமாக இருக்கும்போது கலர் ஹார்டனர் என்ற பொடியைத் தூவிக் கரணையால் தேய்த்து ஏற்றுவார்கள். அதில் சிமென்ட், நிறமி, கடினமான மணல் மூன்றும் இருக்கும். சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ பிடிக்கும். வெளிர் நிறம் என்றால் இன்னும் கூடும். உங்கள் 300 சதுரடி ஏறக்குறைய 28 சதுர மீட்டர். அப்படியானால் 84 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டையில் நான்கு. வேலை நாளன்று எண்ணிப் பாருங்கள். பலர் ஒரு மூட்டையோடு வந்து, மிச்சத்துக்கு வெறும் சிமென்டில் காவிப் பொடியைக் கலந்து தூவிவிடுகிறார்கள். காவி கெட்டதல்ல, நம் பாட்டி வீட்டுத் தரையெல்லாம் அதில்தான் மின்னியது. ஆனால் கார் டயர் திரும்பித் திரும்பித் தேய்க்கும் இடத்தில் அந்த மெல்லிய படலம் உரிந்து வந்துவிடும். வயரிங் செய்பவரிடம் உரிமம் கேட்கிற ஊரில், தளம் போடுகிறவரிடம் எதையும் கேட்க வழியில்லை. நாலு மோல்டு வாங்கியவரெல்லாம் கான்ட்ராக்டர். கொடேஷனில் சதுரடி ரேட் ஒரு வரி இருக்கும். கனம், கலவை, மூட்டைக் கணக்கு ஒன்றும் இருக்காது. இந்த மூன்றையும் எழுதித் தராதவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

குறுக்கு வெடிப்புக்குக் காரணம் ஜாயின்ட், அதாவது தளத்தில் போடும் வெட்டுக் கோடு, வெட்டாததுதான். டிசைன் கெட்டுவிடும் என்று சொல்லித் தவிர்ப்பார்கள். கான்கிரீட் காயும்போது சுருங்கத்தான் செய்யும். நாம் கோடு போட்டுக் கொடுக்காவிட்டால் அது தானே போட்டுக்கொள்ளும். 4 அங்குலத் தளத்துக்கு 8 முதல் 10 அடிக்கு ஒரு வெட்டு, ஆழம் 1 அங்குலம். உங்கள் இடத்துக்கு நீளத்தில் நடுவே ஒன்று, அகலத்தில் நடுவே ஒன்று போதும். மறுநாளுக்குள் வெட்டிவிட வேண்டும்.

பழைய தளத்தை உடைக்காமல் போட வழியே இல்லையா என்றால், ஒன்று உண்டு. பாலிமர் கலந்த ஓவர்லே, அதாவது பழைய தளத்தின் மேல் ஒட்டுகிற மெல்லிய சிமென்ட் அடுக்கு. அரை அங்குல அளவிலேயே அச்சு விழும். ஆனால் பழைய தளம் அதற்குத் தகுதியாக இருக்க வேண்டும். சுத்தியலால் அடிக்கு ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். எங்காவது பொள்ளல் சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உறிஞ்சாமல் முத்து முத்தாக நின்றால் எண்ணெயோ பழைய பூச்சோ இருக்கிறது, தேய்த்தெடுக்காமல் ஒட்டாது. பழைய வெடிப்பு இருந்தால் அதே இடத்தில் மேலேயும் வெடிக்கும். பழைய ஜாயின்டுகளுக்கு நேர் மேலே புதிதாகவும் வெட்ட வேண்டும். உங்களிடம் சொல்லப்பட்ட 2 அங்குலம் இந்த வகை அல்ல. அது சாதாரண ஜல்லிக் கலவை.

திருச்சி வெயிலில் விடியற்காலையிலேயே தொடங்கச் சொல்லுங்கள். பத்து மணிக்கு மேல் கலவை இறுகிவிடும், அச்சு சரியாக இறங்காது. இறுகியதை இளக்கத் தண்ணீர் ஊற்றினால் நிறுத்திவிடுங்கள். ஈரச் சாக்கு போட்டு நீராற்றினால் திட்டுத்திட்டாக வெள்ளை பூக்கும். அதற்குப் பதில், ஈரம் வெளியேறாமல் காக்கிற கியூரிங் காம்பவுண்ட் என்ற திரவத்தை அடிக்கட்டும்.

கடைசியில் தளத்தைப் பாதுகாக்க அடிக்கிற சீலர் என்ற பூச்சு பளபளப்பாக இருந்தால் மழையில் வழுக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மங்கல் சீலரில் வழுக்காப் பொடி கலந்து அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மீண்டும் அடிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.