வீடு விற்க நல்ல புரோக்கரை இணையத்தில் பார்த்தே தேர்ந்தெடுக்க முடியுமா?

பெயரும் போன் நம்பரும் கிடைக்கும். ஆள் எப்படி என்பதை விமர்சனத்தில் போடும் நட்சத்திரங்களை வைத்துச் சொல்ல முடியாது. சென்னை சேலையூரில் அம்மாவின் ஃப்ளாட்டை விற்றபோது பட்டுத் தெரிந்துகொண்டது இது.

முதலில் புரோக்கரே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒரு சதவீதம் கமிஷன் என்றாலும் அறுபது லட்சத்துக்கு அறுபதாயிரம் ஆகிறதே! ஒரு தளத்தில் ‘ஓனர்’ என்று நானே விளம்பரம் போட்டேன். ஒரு மணி நேரத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. “சார், டைரக்ட் பார்ட்டியா?” என்று கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் புரோக்கர்கள். மறு வாரம் தேடினால் அதே ஃப்ளாட் மூன்று விளம்பரங்களில், மூன்று விலையில் கிடக்கிறது. போட்டவர்கள் யாரையும் நான் பார்த்ததுகூட இல்லை. படத்தில், பால்கனியில் அம்மா கவிழ்த்து வைத்திருந்த பச்சை வாளிதான் காட்டிக்கொடுத்தது.

சரி, நல்ல புரோக்கராகவே ஒருவரைப் பிடிப்போம் என்று, பேசிய ஒவ்வொருவரும் வேறு என்னென்ன விளம்பரம் போட்டிருக்கிறார் எனத் தேடினேன். இதற்குத்தான் இணையம் உண்மையில் உதவுகிறது. யுடிஎஸ் (ஃப்ளாட்டுக்குச் சேரும் நிலப் பங்கு) எவ்வளவு, எந்த வருடம் கட்டியது, எத்தனையாவது மாடி என்று எழுதுகிறவர் வீட்டை நேரில் போய்ப் பார்த்திருப்பார். ‘அருமையான லொகேஷன், அவசர விற்பனை’ என்று மட்டும் எழுதுகிறவர் யாரோ வாட்ஸப்பில் அனுப்பியதை அப்படியே ஏற்றியிருப்பார். தாம்பரம், பூந்தமல்லி, திருப்போரூர் என ஊர் முழுக்க வீடு காட்டுகிறவருக்கும் ஓனருக்கும் நடுவில் இன்னும் இரண்டு புரோக்கராவது இருப்பார்கள்.

கூகுள் மேப்ஸ் விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரம் போட்டதை விட்டுவிட்டு மூன்று நட்சத்திரம் போட்டதைப் படியுங்கள். கமிஷன் தகராறெல்லாம் அங்கேதான் இருக்கும்.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தரும் பதிவு நம்பர் பற்றிப் பலருக்கும் குழப்பம். 2016 சட்டப்படி, ரெராவில் பதிவான திட்டங்களில் வீடோ மனையோ விற்றுத் தரும் முகவர் தானும் பதிவு செய்திருக்க வேண்டும். தமிழ்நாடு ரெரா தளத்தில் பட்டியல் இருக்கிறது. புது அபார்ட்மென்ட் வாங்குகிறவர் கட்டாயம் பார்க்க வேண்டும். எங்களுடையது போன்ற பழைய ஃப்ளாட்டுக்கு அந்த நம்பர் இல்லாததாலேயே ஒருவரை மோசம் என்று சொல்ல முடியாது.

வாங்குகிறவருக்கு இன்னொரு வழி: புரோக்கரிடம் பத்திர எண், வருடம், சார்பதிவாளர் அலுவலகம் மூன்றையும் கேளுங்கள். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கத்தை, அதாவது அந்தச் சொத்தின் மேல் என்னென்ன பத்திரம், அடமானம் பதிவாகியிருக்கிறது என்பதை, இலவசமாகவே பார்க்கலாம். “முதலில் டோக்கன் அட்வான்ஸ் போடுங்க, அப்புறம் தரேன்” என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கடைசியில் நான் கொடுத்தது பதினோரு விமர்சனங்கள் மட்டுமே இருந்த ஒரு பெரியவரிடம். போனில் விலையே கேட்கவில்லை. “பத்திரம் யார் பேர்ல இருக்கு? லோன் முடிஞ்சுதா? தாய்ப்பத்திரம் கையில இருக்கா?” என்றார். இரண்டு மாதத்தில் முடித்துக் கொடுத்தார்.

வீடு கைமாறி ஒரு வருடமாகிறது. பச்சை வாளியோடு ஒரு விளம்பரம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. போன வாரம் பார்த்தேன், விலையில் இரண்டு லட்சம் குறைத்திருக்கிறார்கள்.