கன்னியாகுமரிக்கு அனுப்பினால் வேண்டாம், கன்னியகோவிலுக்கு அனுப்பினால் வேண்டும்

கேள்வி: நெல்லிக்குப்பத்தில் வீட்டிலேயே முறுக்கு, தட்டை, மிளகு சேவு போட்டு கடலூர்க் கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். வருஷத்துக்கு ஆறேழு லட்சம் வியாபாரம். இப்போது புதுச்சேரிக் கடைக்காரர் ஒருவர் வாரா வாரம் 200 பாக்கெட் கேட்கிறார், பில்லோடு. 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. தேவையில்லை என்கிறார் ஒரு ஏஜென்ட். இன்னொருவர் கட்டாயம் வேண்டும், கவர்ன்மென்ட் ஃபீஸ் சேர்த்து 6,500 ரூபாய் ஆகும் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இரண்டாவது ஆள் சொன்னதில் பாதி சரி. பதிவு வேண்டும். ஆனால் ஜி.எஸ்.டி. பதிவுக்கு அரசாங்கம் ஒரு பைசா வாங்குவதில்லை. படிவம் நிரப்பிக் கொடுக்கும் கூலி என்று கேட்டிருந்தால் அது அவர் உழைப்பு, பேசி முடிவு செய்துகொள்ளலாம். கவர்ன்மென்ட் பெயரைச் சொல்லி வாங்குகிறார் பாருங்கள், அங்கேதான் உஷாராக வேண்டும். இதே மாதிரி ஆட்கள்தான் சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழுக்கும் ஆயிரம், ரெண்டாயிரம் கறக்கிறார்கள். அதுவும் இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும், வருஷா வருஷம் புதுப்பிக்கவும் வேண்டாம்.

முதல் ஏஜென்ட் சொன்ன 40 லட்சக் கணக்கு, சரக்கு தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்கும் வரைக்கும்தான். புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டிவிட்டால் அது வேறு மாநில விற்பனை. உங்கள் மொத்த வியாபாரம் ஆறு லட்சமோ அறுபதாயிரமோ, பதிவு கட்டாயம், முதல் பாக்கெட் எல்லை தாண்டும் முன்பே எடுத்துவிடுங்கள். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கன்னியாகுமரிக்கு லாரியில் ஏற்றினால் கேள்வி கிடையாது, எல்லைக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியில் இருக்கும் பக்கத்துக் கன்னியகோவிலுக்கு டவுன் பஸ்ஸில் எடுத்துப்போனால் பதிவு! டெல்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்களுக்குக் கடலூர்க்காரர்கள் சாமான் வாங்க பாண்டிக்குப் போய் வருவதெல்லாம் எங்கே தெரியப் போகிறது. பதிவு இல்லாமல் மாட்டினால் அபராதம் குறைந்தது 10,000 ரூபாய், அதற்கு முறுக்கு எத்தனை சுட வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"அப்போ பாண்டிக்காரங்க என் வீட்டுக்கு வந்து வாங்கினால்?" என்று அடுத்து கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு குடும்பம் காரில் வந்து தங்கள் வீட்டுக்கு நாலு பாக்கெட் வாங்கிப் போகிறது, பில்லில் அவர்கள் முகவரி இல்லை என்றால் அது நெல்லிக்குப்பத்தில் நடந்த விற்பனை, வெளிமாநிலக் கணக்கில் வராது. அதே குடும்பம் ஊருக்குப் போய் போன் செய்து, நீங்கள் கூரியரில் அனுப்பினால் வரும். சரி, அப்படியானால் கடைக்காரரையே பையனை அனுப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லலாமா? இந்தக் குறுக்கு வழியைச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. உள்ள கடைக்கு விற்கும்போது, சரக்கை விற்றவர் கொண்டுபோனாலும் வாங்கியவர் கொண்டுபோனாலும் அது எங்கே போய்ச் சேருகிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. கடைக்காரர் பில்லை அவர் பெயரில், அவர் ஜி.எஸ்.டி. எண்ணோடு கேட்கப் போகிறார், அந்த பில்லே புதுச்சேரி என்று சொல்லிவிடும். இதை நம்பி வியாபாரம் ஆரம்பிக்க வேண்டாம்.

ஒரு சதவீதம் கட்டினால் போதும் என்று காம்போசிஷன் திட்டத்தில் போட்டுவிடுவதாக யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தத் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவே கூடாது.

ஆனால் பதிவு எடுக்கும் முன்பு ஒன்றை யோசியுங்கள். எடுத்துவிட்டால் பாண்டிக் கடைக்கு மட்டுமல்ல, கடலூர்க் கடைகளுக்குக் கொடுக்கும் பாக்கெட்டுக்கும் வரி போட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் போட்ட முறுக்கு, மிக்சர் வகைக்கு 5 சதவீதம். ஜி.எஸ்.டி. உள்ள கடைகள் அதைத் தங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளும், பதிவில்லாத சின்ன மளிகைக் கடை "விலையை ஏத்திட்டீங்களே" என்றுதான் சொல்லும். பதிலுக்கு எண்ணெய்க்கும் பாக்கிங் கவருக்கும் நீங்கள் கட்டும் வரியைக் கழித்துக்கொள்ளலாம், கவருக்கே 18 சதவீதம். பாண்டி ஆர்டர் நிலைக்குமா என்று தெரியாவிட்டால், ஜி.எஸ்.டி. வைத்திருக்கும் கடலூர் மொத்த வியாபாரி ஒருவருக்கு விற்றுவிடுங்கள், அவர் பாண்டிக்கு அனுப்பட்டும். லாபம் கொஞ்சம் குறையும், தலைவலி அவருடையது.

எடுப்பதென்றால் பான், ஆதார், போட்டோ, இடத்துக்கு மின்கட்டண ரசீதோ வீட்டு வரி ரசீதோ ஒன்று. வீடு மாமனார் பெயரில் இருந்தால் அவரிடம் ஒரு சம்மதக் கடிதமும் அவருடைய அடையாளச் சான்றும். இதற்கு மேல் அது வேண்டும் இது வேண்டும் என்று அலையவிடக் கூடாது என்று மத்திய மறைமுக வரி வாரியமே 2025 ஏப்ரலில் தன் அதிகாரிகளுக்கு எழுதியது, இருந்தும் கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

யாரை வைத்துச் செய்தாலும் விண்ணப்பத்தில் போகும் மொபைல் நம்பரும் மெயிலும் உங்களுடையதாக இருக்கட்டும். ஏஜென்ட் தன் நம்பரைக் கொடுத்துவிட்டால் ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் போகும், பாஸ்வேர்டும் அவரிடம். நாளைக்குச் சண்டை வந்தால் உங்கள் கணக்கை நீங்களே திறக்க முடியாது. அதைவிட மோசம், உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணில் யாரோ இரும்புக்கும் சிமென்ட்டுக்கும் போலி பில் போட்டு, லட்சக்கணக்கில் வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குக்கூட இப்படி வந்திருக்கிறது. அதனால் வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம், ஓ.டி.பி.யைப் போனில் சொல்ல வேண்டாம்.

எண் வந்தபின், பாண்டி பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. (வெளிமாநில விற்பனைக்கான வரி) என்று ஒரே வரியாக 5 சதவீதம் போடுங்கள், கடலூர் பில்லில் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டரை இரண்டரையாகப் பிரித்து. ஒரு நடையில் 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போகாத வரை இ-வே பில் (சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) தேவையில்லை, பில் மட்டும் கூடவே போகட்டும். ரிட்டர்ன், அதாவது வரிக் கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் முறையைத் தேர்ந்தெடுங்கள், இடையில் உள்ள மாதங்களில் வரியை மட்டும் அடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் கட்டினால் போதும். விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் உண்டு, விட்டால் தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம், ஒரு ரிட்டர்னுக்கு 500 ரூபாய் வரை ஏறும்.