அன்டெட் நைட்மேரில் தோட்டா ஏன் தீர்ந்துபோகிறது, மீட்ட ஊர் ஏன் மறுபடி விழுகிறது?

கேள்வி: “ரெட் டெட் ரிடெம்ஷனின் அன்டெட் நைட்மேர் ஆரம்பித்து இரண்டு ஊரைக் காப்பாற்றிவிட்டேன். கையில் தோட்டாவே நிற்கவில்லை. முதலில் மீட்ட ஊரும் மறுபடி பறிபோய்விட்டது. எங்கே தப்பு செய்கிறேன்?”

அளவுக்கு மீறிச் சுடுகிறீர்கள், அதுவும் நெஞ்சில் சுடுகிறீர்கள். இந்த ஸாம்பிக் கூடுதல் கதைக்கு மூலமான ரெட் டெட் ரிடெம்ஷனில் பழகிய கை அப்படித்தான் போகும். அங்கே தோட்டா தீர்ந்தால் கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம், இங்கே காசுக்கு வேலையே கிடையாது. தோட்டாதான் காசு. இது மண்டையில் ஏறிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும்.

முதலில் குறி. எழுந்து நடமாடும் இந்தப் பிணங்கள் தலையில் பட்டால்தான் விழும், இல்லாவிட்டால் நெருப்பில் எரிய வேண்டும். நெஞ்சில் நாலு போட்டாலும் தள்ளாடிவிட்டு மேலே வந்துகொண்டே இருக்கும். குறி உதவி ‘கேஷுவல்’ அல்லது ‘நார்மல்’ அமைப்பில் இருந்தால், குறிப் பொத்தானை அழுத்தியதும் குறி தானாகப் போய் ஒட்டுவது உடம்பில். ஒட்டிய அடுத்த நொடி கண்ட்ரோலரின் வலது குச்சியை ஒரு நூல் மேலே தட்டுங்கள், தலைக்கு வந்துவிடும். ஒட்டு, தட்டு, சுடு. பத்து நிமிடத்தில் இந்தத் தாளம் கைக்குப் பழகும். கூட்டமாக வந்தால் டெட் ஐ போட்டு நேரத்தை மெதுவாக்கிக்கொண்டு, ஒரு தலைக்கு ஒரு தோட்டா என்று மட்டும் வையுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு வழி, பக்கத்தில் வரவிட்டுச் சுடுவது. ரிவால்வர் கையில் இருக்க, பிணம் கை எட்டும் தூரத்துக்கு வந்தபின் சுட்டால் கதாநாயகன் ஜான் மார்ஸ்டன் அதைப் பிடித்துத் தலையோடு துப்பாக்கியை வைத்து முடிப்பான். ஒரு தோட்டா, ஒரு பிணம், குறி பார்க்கும் வேலையே இல்லை. தனியாக வருகிறவற்றுக்கு இதை விடச் சிக்கனம் கிடையாது. மூன்று நாலு சேர்ந்து வரும்போது மட்டும் வேண்டாம். ஒன்றை முடிக்கும் அசைவு ஓடுகிற நேரத்தில் மற்றது முதுகில் ஏறிவிடும்.

தீப்பந்தத்தைக் கல்லறையில் சவப்பெட்டி எரிப்பதற்கு மட்டும் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அது தீராத ஆயுதம். அடித்தால் பற்றிக்கொள்ளும், ஆனால் பற்றியதும் விழாது. எரிந்துகொண்டே சில அடி வரும். அடித்துவிட்டுப் பின்னால் நகருங்கள், ஒட்டி நிற்காதீர்கள்.

எல்லாப் பிணமும் ஒரே ரகம் இல்லை. நாலு காலில் தரையோடு தரையாகப் பாய்ந்து வரும் போல்ட்டரின் தலையைத் துப்பாக்கியால் துரத்தினால் பாதித் தோட்டா மண்ணுக்குத்தான் போகும். அது நேராக உங்கள் மேல் பாயும் கணத்துக்குக் காத்திருங்கள், அல்லது ஷாட்கன் எடுங்கள். ப்ரூய்ஸர் குண்டானது. முட்டித் தள்ளிவிட்டு, நீங்கள் எழுந்திருப்பதற்குள் மற்றவை மொய்க்க இடம் கொடுக்கும், அதனால் விலகி நின்று அடியுங்கள். ரெச்சர் பச்சையாகத் துப்பும். அதற்கு மட்டும் சிக்கனம் பார்க்காமல், தூரத்தில் கண்டதுமே ரைஃபிளால் முடித்துவிடுங்கள். கூரை மேல் ஏறி நின்றால் கூட்டத்தில் பெரும்பாலானவை கீழேயே தேங்கி நிற்கும், ஒவ்வொன்றாகத் தலையைப் பார்த்து எடுக்கலாம். ரெச்சர் துப்புவது மட்டும் அங்கேயும் எட்டும்.

அடுத்தது ஊர்களைக் காப்பது. நீங்கள் சறுக்கியிருப்பது இங்கேதான் என்று படுகிறது. ஊருக்குள் நுழைந்ததும் எல்லாப் பிணத்தையும் தானே கொன்றால்தான் ஊர் மீளும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உயிரோடிருக்கும் ஊர்க்காரர்களிடம் போய்த் தோட்டா கொடுக்கலாம். கொடுத்தால் அவர்களும் சுடுவார்கள், ஊர் சீக்கிரம் மீளும். நீங்கள் அதிகம் எடுக்காத துப்பாக்கி எதுவோ அதன் தோட்டாவைக் கொடுங்கள். அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான், உங்களுக்குத்தான் ரைஃபிள் தோட்டா உயிர். கொடுப்பதற்கு முன் ஊரில் இருக்கும் பெட்டிகளை ஒரு சுற்று துழாவிவிடுங்கள், கொடுப்பதில் ஒரு பங்காவது திரும்பி வந்துவிடும். விழுந்த பிணங்களையும் சோதிக்க வேண்டும், ஆனால் கடைசிப் பிணம் விழுந்த பிறகு. குனிந்து துழாவும் நேரத்தில் கடி வாங்குவது இந்த விளையாட்டில் அன்றாடக் காட்சி.

ஊர் மீண்டால் படுக்கக் கட்டில் கிடைக்கும். அதில் படுத்தால் சேவ் ஆகும், அங்கிருந்து மற்ற மீட்ட ஊர்களுக்கு நேரே தாவலாம். ஊர் மீட்டதற்குப் பரிசாகத் துப்பாக்கியும் வரும். ஆனால் மீட்ட ஊர் என்றைக்கும் மீட்ட ஊர் இல்லை. சில நாள் கழித்து மறுபடி தாக்குதல் வரும், வரைபடம் எச்சரிக்கும். கண்டுகொள்ளாமல் கதைப் பணியை ஓட்டினால் ஊர்க்காரர்கள் செத்து, ஊர் பழையபடி பிணங்களிடம் போகும். உங்களுக்கு நடந்தது இதுதான். எச்சரிக்கை வந்ததும் பக்கத்து மீட்ட ஊரில் படுத்து அங்கே தாவுங்கள். இதற்காகவே ஆரம்பத்தில் பிளாக்வாட்டர், ஆர்மடில்லோ என்று ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும் ஊர்களாகப் பார்த்து மீட்பது நல்லது. ஒரே மூலையில் நாலு ஊரை வைத்துக்கொண்டால் மறு கோடிக்குக் குதிரை ஓட்டியே பொழுது போகும்.

எல்லா ஊரையும் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். சின்னக் குடியிருப்பு ஒன்று போனால் போகட்டும்.

தோட்டாப் பஞ்சத்தைப் பாதிக்குமேல் தீர்ப்பது பிளண்டர்பஸ். போலி மருந்து விற்கும் நைஜல் வெஸ்ட் டிக்கன்ஸின் பணியைச் செய்தால் கிடைக்கும். வாய் அகன்ற பழைய துப்பாக்கி. அதற்குத் தோட்டா கிடையாது, பிணங்களிடமிருந்து எடுக்கும் எச்சங்களைத்தான் திணித்துச் சுட வேண்டும். கொன்ற பிணத்திடமே அடுத்த பிணத்துக்கான குண்டு கிடைக்கிறது, எவ்வளவு வக்கிரமான ஏற்பாடு! ஒரு வெடியில் முன்னால் நிற்பது சிதறிப்போகும், நெஞ்சா தலையா என்று பார்க்க வேண்டியதில்லை. இது கைக்கு வந்தபின் ரைஃபிள் தோட்டாவைத் தூரச் சுடலுக்கு மட்டும் ஒதுக்குங்கள். லாஸ் ஹெர்மானாஸ் மடத்துத் தாயின் பணியில் கிடைக்கும் புனித நீரும் கூட்டத்துக்கு நல்லது. ஊர் வாசலில் குவிந்து வரும்போது நடுவில் எறியுங்கள்.

குதிரை. வழியில் பிடிக்கும் செத்த குதிரைகளுக்குக் களைப்பே கிடையாது, ஆனால் சொன்ன பக்கம் போகாது. பாலத்தின் மேல் ஓட்டினால் ஆற்றில் கொண்டுபோய் விடும். தேட வேண்டியது நான்கு குதிரைகளை: போர், பஞ்சம், கொள்ளைநோய், மரணம். ‘போர்’ எரிந்துகொண்டே ஓடும், உரசிய பிணம் பற்றிக்கொள்ளும். ‘பஞ்சம்’ களைக்காது. ‘கொள்ளைநோய்’ அடி வாங்கினாலும் எளிதில் சாகாது. ‘மரணம்’ மேலே பட்டால் பிணத்தின் தலை வெடிக்கும். ஊர் மீட்பதற்குக் கடைசியதைப் போல் வேறொன்று இல்லை, தெருவில் நாலு முறை போய் வந்தால் ஒரு தோட்டா இல்லாமலே வேலை பாதி முடியும். பிடிப்பது வழக்கம்போலத்தான். கயிறு வீசி, நெருங்கி ஏறி, அது உதறும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இடது குச்சியைத் தள்ள வேண்டும். வேகம் அதிகம் என்பதால் நடந்து துரத்தாமல் இன்னொரு குதிரை மேலிருந்தே கயிறு வீசுங்கள்.

தோட்டாவைச் சேர்த்து வைத்து ஒருமுறை டால் ட்ரீஸ் காட்டுக்கும் போய் வாருங்கள். குழந்தைகளைத் தின்னும் சாஸ்குவாட்ச்களை (மயிர் அடர்ந்த காட்டு மனித உருவங்களை) கொல்லச் சொல்லி ஒரு வேட்டைக்காரர் அனுப்புவார். துரத்திச் சுட்டுக்கொண்டே போனால், கடைசியில் ஒன்று மரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும். அது பேசும். பழமும் காளானும் தின்று வாழ்கிற கூட்டம் என்றும், யாரோ தேடித்தேடிக் கொன்றுவிட்டார்கள் என்றும், தான் ஒருவன்தான் மிச்சம் என்றும் சொல்லி, தன்னையும் சுட்டுவிடும்படி கேட்கும். சுடுவதா, திரும்பி நடப்பதா என்பது உங்கள் கையில். நகைச்சுவைப் பேய்க்கதை என்று வந்தவர்களை உட்கார வைத்துவிடும் இடம் அது.

மூலக் கதையை முடிக்காமல் இதை ஆரம்பித்திருந்தால் ஒரு வார்த்தை. இரண்டுக்கும் சேவ் தனித்தனி, மெனுவிலிருந்தே இதைத் திறக்கலாம், விளையாட்டுக்குத் தடை ஒன்றும் இல்லை. ஆனால் இதன் இறுதிக் காட்சி ஜான் மார்ஸ்டனின் முடிவை வெளிப்படையாகச் சொல்லிவிடும். அதைத் தெரிந்துகொண்டு மூலக் கதைக்குப் போனால் அதன் கடைசி ஒரு மணி நேரம் வீண். முதலில் அதை முடியுங்கள்.

கடைசியாக, எந்தப் பதிப்பு என்பது. 2010 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டுக்கும் 9.99 டாலருக்கு வந்தது இது, சில வாரத்தில் தனி டிஸ்க்காகவும் வந்தது. 2023 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4, ஸ்விட்ச் ஆகியவற்றுக்கும், 2024 அக்டோபரில் கணினிக்கும் மூல விளையாட்டோடு சேர்த்தே விற்றார்கள். கதை எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆனால் நாலு பேர் சேர்ந்து அலை அலையாக வரும் பிணங்களைச் சமாளிக்கும் ‘அன்டெட் ஓவர்ரன்’ ஆன்லைன் ஆட்டம் இந்த 2023, 2024 பதிப்புகளில் இல்லை. நண்பர்களோடு ஆடலாம் என்ற நினைப்பில் அவற்றை வாங்கிவிடாதீர்கள்.