எக்ஸ்ஆர்டி சொல்லாத இடம்

வணக்கம். கடலூர் சிப்காட் பக்கம் ஒரு மருந்து ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். தண்ணீரில் லேசில் கரையாத மருந்து ஒன்றை நுண்துளை சிலிக்காவில் ஏற்றியிருக்கிறோம். 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் வைத்த சாம்பிள் டிசல்யூஷனில் (மருந்து எவ்வளவு கரைகிறது என்ற சோதனையில்) இறங்கிவிட்டது. எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்ரே செலுத்திக் கிரிஸ்டல் இருக்கிறதா என்று பார்ப்பது) கிரிஸ்டல் பீக்கே இல்லை. லேசரைப் புள்ளி புள்ளியாகப் பாய்ச்சி, சிதறும் ஒளியை வைத்து எங்கே என்ன இருக்கிறது என்று படமாக்கும் ராமன் மேப்பிங் செய்யலாமா, வீண் செலவா?
வாசகர், கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகச் செய்யுங்கள். எக்ஸ்ஆர்டி மொத்தப் பவுடருக்கும் சேர்த்து ஒரே பதிலைத்தான் தரும், கிரிஸ்டல் கொஞ்சமாக இருந்தால் சிலிக்காவின் அகலமான மேட்டுக்குள் அமுங்கிப்போகும். உங்களுக்குத் தெரிய வேண்டியது அது எங்கே இருக்கிறது என்பது. சில நானோமீட்டர் அகலத் துளைக்குள் கிரிஸ்டல் வளர இடமில்லை, அதனால்தான் மருந்து அங்கே அமார்ஃபஸாகவே, அதாவது மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்படாமலே, கிடக்கிறது. ஆனால் சிலிக்காவின் சுவர் ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம் மருந்தைச் சுவரிலிருந்து விலக்கி வெளியே தள்ளினால், துகளின் மேற்பரப்பில் அது தாராளமாகக் கிரிஸ்டலாகும், கரைவதும் குறையும்.

ராமனில் சிலிக்காவின் சிக்னல் மிகவும் பலவீனம், மருந்தின் பீக்குகள் தெளிவாகத் தெரியும். இண்டோமெதாசின் என்ற வலி மருந்தை எடுத்துக்கொண்டால், அதன் கிரிஸ்டல் வடிவங்களில் ஒன்றான காமாவின் பீக் 1700 செ.மீ⁻¹ அருகே கூர்மையாக நிற்கும், அமார்ஃபஸில் அதுவே 1680 பக்கம் இறங்கி அகன்றுவிடும். 200 செ.மீ⁻¹க்குக் கீழே அளக்கிற வசதி கருவியில் இருந்தால் விடாதீர்கள், கிரிஸ்டலின் அணிக்கோவை அதிர்வுகள் அங்கேதான் வரும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். லேசர் புள்ளி சுமார் 1 மைக்ரான், துளையோ அதைவிடப் பல மடங்கு சிறியது. ஆகவே அமார்ஃபஸ் என்று காட்டும் பிக்சலில் மருந்து துளைக்குள் இருக்கிறதா, வெளியே படலமாகப் படிந்திருக்கிறதா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது, அதற்கு நைட்ரஜன் உறிஞ்சலும் (துளையில் மிச்சமுள்ள இடத்தை அளப்பது) டிஎஸ்சியும் (சூடாக்கி வெப்ப மாற்றத்தை அளப்பது) வேண்டும். லேசர் பவரைக் குறைத்தே வையுங்கள், சூட்டிலேயே வடிவம் மாறிவிடும். அப்புறம், சாம்பிளைப் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ எடுத்துப் போவதானால் சிலிக்கா ஜெல்லோடு சீல் செய்யுங்கள், நம் கடற்கரைக் காற்றே மருந்தைச் சூட்டிலும் ஈரத்திலும் வைத்துச் சோதிக்கும் ஸ்டெபிலிட்டி அறை மாதிரிதான்.

செலவு என்று தயங்க வேண்டாம். எச்ஐவி மருந்தான ரிட்டோனாவிர் 1996இல் விற்பனைக்கு வந்தது, 1998இல் அதுவரை யாரும் பார்க்காத, இன்னும் கரையாத ஒரு கிரிஸ்டல் வடிவம் தலைகாட்டியது, நோயாளிகள் நம்பியிருந்த காப்ஸ்யூலையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது.

புது சாம்பிளையும் பழையதையும் ஒரே செட்டிங்கில் அளந்துவிடுங்கள். இரண்டிலும் கிரிஸ்டலே தென்படவில்லை என்றால், மருந்து துளையை விட்டு வெளியே வர மறுக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள்.