குவெரி மெதுவா? பிளானைக் காட்டுங்கள்

மொரீஷியஸ் வாசகர்களின் டேட்டாபேஸ் கேள்விகள்; பெயருக்குப் பதில் ஊர். குவெரி என்பது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, பிளான் என்பது விடை தேட அது எடுக்கும் வழி.

ரோஸ் ஹில்: அக்கா, கரும்பு எடைச்சீட்டு டேபிளில் 80 மில்லியன் ரோ (வரிசை), டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். அரை வினாடியில் வந்த ரிப்போர்ட் இன்று 4 நிமிடம் இழுக்கிறது. கோடில் யாரும் கை வைக்கவில்லை.

பதில்: அப்படியானால் பிளான் மாறியிருக்கும். குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளெயின் அனலைஸ் (EXPLAIN ANALYZE) போட்டு ஓட்டுங்கள், பிளானைக் காட்டும். ஒவ்வொரு படியிலும் ரோ எண்ணிக்கை இரண்டு இருக்கும்: பிளானர் (பிளானைத் தேர்ந்தெடுக்கும் பகுதி) எதிர்பார்த்தது, உண்மையில் வந்தது. போன அறுவடையில் எங்களுக்கு எதிர்பார்த்தது 1, வந்தது 3,12,000. ஒன்றுதானே என்று நம்பி நெஸ்டட் லூப் எடுத்தது, அதாவது வரும் ஒவ்வொரு ரோவுக்கும் உள்ளே ஒரு தடவை தேடும் வழி. உள்ளே இருந்த இண்டெக்ஸை (ரோவை விரைவாகக் கண்டுபிடிக்க உதவும் அட்டவணை) 3,12,000 தடவை தேடியது. காரணம் பழைய புள்ளிவிவரம். தானாக அனலைஸ் (அந்தப் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட, இயல்பு அமைப்பில் சுமார் 10% ரோ மாற வேண்டும். உங்கள் டேபிளில் அது 8 மில்லியன். ஜூனில் அறுவடை தொடங்கி முதல் சில வாரச் சீட்டெல்லாம் அதற்குள் அடங்கிவிடும், அனலைஸ் தானாக ஓடாது. இப்போதே அனலைஸ் ஓட்டுங்கள். அந்த டேபிளுக்கு மட்டும் அந்த 10% விகிதத்தை 0.01 (1%) ஆக்குங்கள்.

எல்லோருக்கும்: எக்ஸ்பிளெயின் அனலைஸ் குவெரியை நிஜமாகவே ஓட்டும். டெலீட்டுக்கு முன்னால் போட்டால் ரோ போயே போகும். பிகின் (BEGIN), ரோல்பேக் (ROLLBACK) நடுவில் வைத்து ஓட்டுங்கள், மாற்றம் ரத்தாகிவிடும்.

காத்ர் போர்ன்: தேதிக்கு இண்டெக்ஸ் இருந்தும் எடுக்க மாட்டேன் என்கிறது. வேர் (WHERE) பகுதியில் நேரத்தை டேட் ஃபங்ஷனுக்குள் போட்டிருக்கிறேன்.

பதில்: அதுதான் தடை. ஃபங்ஷனை எடுங்கள். இன்று 00:00 முதல், நாளை 00:00-க்கு முன் வரை என்று எழுதுங்கள்.

போர்ட் லூயி: எல்லா நெடுவரிசைக்கும் இண்டெக்ஸ் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்ததே?

பதில்: தீராது.

வாக்வா: ஏன் அக்கா? டிஸ்க்தான் மலிவாச்சே. அவர் சொல்வது சரிதான்.

பதில்: தம்பி, டிஸ்க் எனக்குக் கவலையே இல்லை. எடைமேடையில் லாரி நிற்கிறது, ஒரு சீட்டு பதிவாக வேண்டும். 9 இண்டெக்ஸ் இருந்தால் அந்த ஒரு சீட்டுக்கு 9 இடத்திலும் எழுத வேண்டும். பின்னால் நிற்கும் லாரிகள் காத்திருக்கும்.

போர்ட் லூயி: அப்போது எந்த இண்டெக்ஸை நீக்குவது?

பதில்: பிஜி ஸ்டாட் யூசர் இண்டெக்சஸில் (pg_stat_user_indexes) ஸ்கேன் எண்ணிக்கையை, அதாவது இண்டெக்ஸ் எத்தனை தடவை பயன்பட்டது என்பதைப் பாருங்கள். பல மாதமாகச் சுழியம் என்றால் நீக்கலாம். யூனிக் விதியை (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்பதை) காக்கும் இண்டெக்ஸைத் தொடாதீர்கள். ரெப்ளிகாவில் (நகல் சர்வரில்) கணக்கு தனி, அங்கேயும் பாருங்கள்.

கூர்பிப்: என் குவெரியும் மெதுவாக இருக்கிறது, என்ன செய்ய?

பதில்: பிளான் எங்கே?

மாயேபூர்: ஆரக்கிள் டேட்டாபேஸில் ஹின்ட் (பிளானருக்குக் குறிப்பு) கொடுப்பது...

பதில்: ஆரக்கிள் என் கை வேலை இல்லை. தெரிந்தவரைக் கேளுங்கள்.

ரோஸ் ஹில்: அனலைஸ் ஓட்டினேன் அக்கா, 0.6 வினாடி! ஆலை நெடுவரிசைக்கு ஒரு புது இண்டெக்ஸும் வேண்டும். பகலிலேயே போடலாமா?

பதில்: இண்டெக்ஸ் கட்டளையில் கன்கரன்ட்லி (CONCURRENTLY) சேர்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் முடியும்வரை ஒரு சீட்டும் பதிவாகாது. டிரான்சாக்ஷனுக்குள் (பிகின் போட்ட பிறகு) அது ஓடாது. நடுவில் நின்றுபோனால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று தங்கிவிடும். அதை ட்ராப் செய்துவிட்டு மறுபடி போடுங்கள்.