கரையில் நின்ற நாள் 214 ஆனது எப்படி?

கேள்வி: காசிமேட்டில் விசைப்படகு உரிமையாளர் ஒருவருக்குக் கணக்கு எழுதுகிறேன். படகு கரையில் நின்ற நாட்களுக்குக் காவல் கூலி கொடுப்பதால், எக்செல்லில் முடிவுத் தேதியிலிருந்து தொடக்கத் தேதியைக் கழிக்கிறேன். 2024 மீன்பிடித் தடைக்காலத்துக்கு 15/04/2024, 14/06/2024 என்று அடித்தால் ‘வேல்யூ’ பிழை வருகிறது; மாதத்தின் பெயரை எழுதினால் 60 வருகிறது. எஞ்சின் பழுதுக்காக ஜூலை 5 முதல் 12 வரை நின்ற வரியிலோ 214 என்று காட்டுகிறது. ‘இஃப்எரர்’ போட்டுப் பிழையை மறைத்துவிடலாம் என்கிறார் நண்பர். சரியா?
— வாசகர், காசிமேடு

பதில்: நண்பரின் யோசனையை ஏற்க வேண்டாம். பிழை வரும் இடத்தில் பூஜ்யம் வரச் செய்தால், தடைக்காலம் முழுவதும் காவல் காத்தவருக்குக் கூலியே இல்லை என்றாகிவிடும். 214 என்ற தவறோ பிழையாகவே கருதப்படாததால் அப்படியே நிற்கும்.

உங்கள் கணினியின் ரீஜன் அமைப்பு அமெரிக்க முறையில், அதாவது மாதம் முதலிலும் நாள் அடுத்தும் வரும்படி இருக்கிறது என்பதே என் கணிப்பு. அந்த முறையில் 15ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால், 15/04/2024 தேதியாகாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடுகிறது. எழுத்தைக் கழிக்க முடியாமல்தான் எக்செல் ‘வேல்யூ’ என்கிறது. ஆனால் 05/07 மே 7 ஆகவும், 12/07 டிசம்பர் 7 ஆகவும் சத்தமில்லாமல் மாறிவிட்டன. இடைவெளி 214 நாள்.

எழுத்தாக நிற்பவை, நீங்கள் நடுவில் நிறுத்தி அழகுபடுத்தாதவரை, கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டியிருக்கும். உண்மைத் தேதிகள் வலப்பக்கம் இருக்கும். எழுத்தாக உள்ள நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ‘டேட்டா’ பகுதியில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ சென்று, மூன்றாம் படியில் ‘டேட்’ என்பதில் நாள்-மாதம்-ஆண்டு வரிசையைக் கொடுத்து முடித்தால் அவை தேதிகளாகும். கட்டத்தின் வடிவத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. பலர் இதில்தான் அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

தவறாக மாறிவிட்டவற்றுக்கு நம்பகமான குறுக்குவழி கிடையாது. நாள் எண் 12க்குள் இருந்த வரிகளையெல்லாம் கணக்கு நோட்டோடு ஒப்பிட்டுத் திருத்தியே ஆக வேண்டும். (07/07 போன்றவை மட்டும் எப்படிப் படித்தாலும் ஒன்றுதான்.) இனி இப்படி நேராதிருக்க, விண்டோஸின் ‘ரீஜன்’ பகுதியில் ‘இங்கிலீஷ் (இந்தியா)’ என மாற்றி, எக்செல்லை மூடித் திறக்கவும். அதன் பிறகும் 15.04.2024 என்று புள்ளி வைத்து அடிக்காதீர்கள், மீண்டும் எழுத்தாகிவிடும்.

எஞ்சியது 60. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் 61 நாள் என்பது காசிமேட்டில் குழந்தைக்கும் தெரியும். கழித்தல் இடைவெளியைத்தான் தரும்; தொடங்கிய நாளும் கூலி நாளே என்பதால் =பி2-ஏ2+1 என்று எழுதவும். விடைக் கட்டம் தேதி வடிவில் இருந்தால் 61க்குப் பதிலாக 1900 மார்ச் 1 என்று தெரியும். வடிவத்தை ‘ஜெனரல்’ ஆக்கினால் 61 வந்துவிடும்.